பொதுமக்கள் உதவியுடன்

பங்குனி பிறந்தால் எங்கள் நகராட்சியில்
பற்றாக்குறைக்குப் பட்டு கட்டுவார்கள்.
கட்டிவிடுகிறவன் நான். கணக்கர்.
நாற்பத்தேழு லட்சம் துண்டு விழுகிறது என்று
ஆணையர் பச்சை மசியில் சுழித்த தாளை
மாலைக்குள் சமனாக்க வேண்டும்.

மின்வாரிய நிலுவை: தொட முடியாது.
ஓய்வூதியப் பங்கு: தொட்டால் வாசலுக்கு வருவார்கள்,
எல்லாரும் நான் அண்ணன் என்று கூப்பிட்டவர்கள்.
துப்புரவு ஒப்பந்தம்: கைவைத்தால் மறுநாளே நாறும்.
மிஞ்சியது முப்பத்தொன்றாம் பக்கம்.
'தீயணைப்பு ஊர்திக்கு நீர் நிரப்பும் குழாய்,
பாமணி ஆற்றுப் பாலத்தடி, மோட்டார் பழுது.'
இரண்டு லட்சத்து எண்பதாயிரம்.
ஒரு கோடு.
ஸ்கேல் வைத்துத்தான் போட்டேன்.

மன்றத்தில் ஒன்பதாம் வார்டு ஜெகபர் நாச்சியா மட்டும் எழுந்தார்.
"ஸ்டேஷன்ல பதினேழு பேர் இருக்கணும், ஏழு பேர் இருக்காங்க.
அதுலயும் ஒருத்தருக்குக் கலெக்டர் ஆபீஸ் டூட்டி.
ஆளும் இல்ல, தண்ணியும் இல்லன்னா எப்படி?"
ஆள், அரசாங்கத்துக் கணக்கு என்றேன்.
தண்ணீர்தான் நம் கணக்கு,
அடுத்த ஆண்டு பார்க்கலாம்.
போண்டா வந்தது. தீர்மானம் நிறைவேறியது.

பன்னிரண்டாம் நாள், உச்சிவெயில்.
மேட்டூர் மூடி இரண்டு மாதம். ஆறு என்பது
பையன்கள் ஸ்டம்பு நட்டு ஆடும் மணல்.
கீழக்கரைத் தெருவில் யாரோ உலை வைத்திருக்கிறார்கள்.
மேல்காற்று.
முதலில் வைக்கோல் போர்,
பிறகு வரிசை தப்பாமல் கூரைகள்.

வண்டி ஒன்பது நிமிடத்தில் வந்தது, அதில் பொய்யில்லை.
இறங்கியவர்கள் மூன்று பேர்.
உத்திராபதி ஓட்டுநர், பம்ப்பும் அவரே.
குழல் முனையில் சம்மனசு, ஓய்வுக்கு இரண்டு வருடம் பாக்கி.
மூன்றாமவன் புதுசு,
பெயர் இன்னும் சட்டையில் ஏறவில்லை.
தண்ணீர் ஏறிய குழாய்
ஒற்றை ஆளுக்கு அடங்காதாம், துள்ளும்.
"யாராவது பின்னாடி பிடிங்க!"
போன் தூக்கிப் படம் பிடித்த கூட்டத்தில்
யாராவது என்றது என்னைத்தான் என்று
ஏனோ பட்டது.
பிடித்தேன்.

நாலாயிரத்து ஐந்நூறு லிட்டர்.
லட்சங்களை எண்ணியே வயதானவன் நான்,
எந்தத் தொகையும் அவ்வளவு சீக்கிரம்
தீர்ந்து பார்த்ததில்லை.
மூன்றாவது கூரையில்
குழாய் என் கையிலேயே துணியாகிவிட்டது.
"பாலத்தடியில நிரப்பிட்டு வந்துரலாமா சார்?"
சம்மனசு திரும்பாமல் சொன்னார்,
"அது ஓடாதுடா. பணம் இல்லையாம்."
அவருக்கு என்னை யாரென்று தெரியாது.
முதுகு என் நெஞ்சில் இடித்தபடி இருந்தது,
இருமும்போதெல்லாம்.

ஐந்து கல் தள்ளி ஒரு போர்செட்டில் நிரப்பி
வண்டி திரும்பியபோது ஏழு வீடும் சாம்பல்.
உயிர்ச்சேதம் இல்லை என்று எழுதிக்கொண்டார்கள்.
ஒரு கன்றுக்குட்டி. ஒரு பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்.
வேம்பு என்ற பெண்
டிரங்குப் பெட்டியைக் குச்சியால் தட்டித் தட்டிப் பார்த்தாள்,
உள்ளே யாரோ பதில் சொல்வார்கள் போல.

மறுநாள் அறிக்கையின் நகல் என் மேசைக்கு வந்தது.
'பொதுமக்கள் உதவியுடன் தீ கட்டுப்படுத்தப்பட்டது.'
'பெறப்பட்டது' முத்திரை குத்தினேன்.
உள்ளங்கையில் கான்வாஸ் அறுத்த தடம்,
ஸ்கேல் வைத்ததுபோல் நேர்.
தேங்காயெண்ணெய் தடவினால் எரிகிறது.

முப்பத்தொன்றாம் பக்கத்தை
தனியே எடுத்து வைத்திருக்கிறேன்.
திருத்திய மதிப்பீடு ஐப்பசியில்தான்.
அப்போது மழை பிடித்துக்கொண்டிருக்கும்,
பாமணி கரை தொட்டு ஓடும்,
மன்றத்தில் எல்லாரும் குடையை உதறிவிட்டு உட்காருவார்கள்.
தீயைப் பற்றிப் பேசினால்
சிரிப்பார்கள்.